ஒரு வேளை மருந்து

"கொலஸ்ட்ரால் மாத்திரையை முழுங்கிட்டுப் பேப்பரைப் படிங்க." மனைவி தண்ணீரோடு வந்து நின்றாள்.

"அதான் கொலஸ்ட்ரால் குறைஞ்சுபோச்சே, இனிமே எதுக்கு?" என்று கணவர் அலுத்துக்கொண்டபோது ஃபோன் அடித்தது. எடுத்தவர் எகிறிக் குதித்தார்.

"என்னது, நேத்து மருந்து கொடுக்கலையா? யாரைக் கேட்டு நிறுத்தினே? கொழுப்பு இல்லேன்னா என்னய்யா? கொழுப்பைக் குறைக்கிறது மட்டுமா அதோட வேலை? ரத்தக்குழாயோட உள்பக்கம் வீங்காம, புண்ணாகாம பார்த்துக்கறதும் அதுதான்! தொடாதே, நானே வர்றேன்."

மனைவி தண்ணீரைக் கீழே வைத்தாள். "யாருக்குங்க? உங்க அண்ணனுக்கா?"

"அவன் கல்லு மாதிரி இருக்கான். ஆய்வுக்கூடத்துல, கண்ணாடித் தட்டுல ரத்தக்குழாய் செல்லுங்களை வளர்க்கிறேனே, அதுங்களுக்கு! பச்சைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன், என் உதவியாளன், பாவி, கெடுத்துட்டான்."

அவள் தன் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள்.

"அதுங்களுக்கும் இதே மருந்தா?"

"இதேதான்" என்றபடி அவர் செருப்பைத் தேடினார்.

"அப்போ நீங்களும் போய் அந்தத் தட்டுலயே படுத்துக்குங்க. அங்கே ஒரு வேளை மருந்து தவறினாலும் ஏன்னு கேட்க நீங்க இருக்கீங்க!"