கரடி எறியும் சனிக்கிழமை

"ஏங்க, இந்த ஆளை வெளிய அனுப்புவீங்களா மாட்டீங்களா?"

காவலாளி வெர்னனிடம் மூன்றாவது முறையாகப் புகார் சொன்னாள் நோரீன். ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். பக்கத்து இருக்கையில் இருந்த எய்னோ கங்காஸ் காது கிழிய மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

"டேய் நாரைகளா! டீமுக்கு நாரைன்னு பேரு வெச்சா, அதுக்காக ஒத்தைக் கால்லயேவா நிப்பீங்க? நகருங்கடா!"

கார்வின் நாரைகள்தான் அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணி. பதினோரு ஆட்டம் வரிசையாகத் தோற்றாயிற்று. பன்னிரண்டாவதும் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரணி மூன்று கோல், இவர்கள் பூஜ்யம்.

வெர்னன் குனிந்து, குரலைத் தணித்தார்.

"அவரு முப்பத்தொரு வருஷமா இதே சீட்டுதாம்மா. ஒரு ஆட்டம் விட்டதில்ல. திட்டுறதுக்கெல்லாம் ரூல் இல்ல. கோல் விழாம எதையாவது உள்ள எறிஞ்சாத்தான் நான் கை வைக்க முடியும். எறிஞ்சா சீசன் முழுக்க உள்ள வரக் கூடாது."

"எறியட்டும், புண்ணியமாப் போகும்!" என்றாள் நோரீன்.

அவள் கவலை அவளுக்கு. இன்று கரடி எறியும் நாள். ஊர் அணி முதல் கோல் போட்டதும், வந்த கூட்டம் மொத்தமும் கையிலிருக்கும் கரடி பொம்மையைப் பனித்தளத்தில் வீசும். அத்தனையும் அவள் வார்டுக்குப் போகும்.

ஆனால் கோல் விழ வேண்டுமே!

போன வருஷம் விழவில்லை. கடுப்பில் எல்லோரும் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரேறிவிட்டார்கள். வார்டில் முப்பத்தெட்டு பிள்ளைகள், கிடைத்தது ஒன்பது. அன்றைக்கு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது.

"வாசல்லயே வாங்கி வெச்சுக்கலாமே" என்று இந்த முறை அரங்க மேனேஜரிடம் கேட்டும் பார்த்தாள்.

"கோல் விழுந்தாத்தான் எறியணும். அதுல தானே வேடிக்கையே" என்று சிரித்தார் அவர். அவருக்கென்ன!

எய்னோவின் மடியிலும் ஒரு கரடி இருந்தது. மஞ்சள் கம்பளித் தொப்பி போட்ட கரடி. அதைப் பனித்தளத்துக்கு முதுகைக் காட்டித் திருப்பி உட்கார வைத்திருந்தார்.

"நீ பாக்காதடா கண்ணு. கெட்டுப் போயிடுவ."

பின்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பசங்களுக்கு உற்சாகம் குடுக்க வேண்டிய நேரத்துல இப்படித் திட்டினா எப்படிங்க கோல் போடுவாங்க?"

"திட்டலைன்னா போட்டுடுவானுங்களா? போன வாரம் தொண்டை கட்டி சும்மாதான் இருந்தேன். ஏழு வாங்கினானுங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடைவேளையில் அவரே கேட்டார்.

"இந்தத் தடவை எத்தனை பிள்ளைங்க?"

"நாப்பத்திரண்டு. உங்களுக்கென்ன அதைப் பத்தி?"

"சும்மாதான்" என்று காப்பியை உறிஞ்சினார்.

கடைசிப் பகுதியும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரணிக்கு ஐந்து, நாரைகளுக்குப் பூஜ்யம். ஒரு தடவை எதிரணி கோல்கீப்பர் வழுக்கி விழுந்து, வாய்க்கால் மாதிரி வழி திறந்து கிடந்தது. நம் ஆள் ரப்பர் வட்டைக் கோல் கம்பத்தில் அடித்தான்.

கூட்டத்தில் சிலர் கோட்டை மாட்டத் தொடங்கினார்கள். கக்கத்தில் கரடி ஏறியது. கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் நோரீன் வைத்திருந்த ஆறு தள்ளுவண்டிகளும் காலியாக நின்றன.

மணி காட்டும் பலகையில் நாலு நிமிஷம் மிச்சம்.

எய்னோ எழுந்தார்.

"இந்தாங்கடா! உங்களுக்குப் பதிலா இதை இறக்குங்க! இதாவது கோல் போடும்!"

மஞ்சள் தொப்பிக் கரடி தடுப்பைத் தாண்டிப் பறந்து, பனியில் சறுக்கி, நடுவரின் காலடியில் போய் நின்றது.

நடுவர் குனிந்து அதைப் பார்த்தார்.

மேல் வரிசையிலிருந்து இன்னொரு கரடி பறந்தது. அப்புறம் ஒரு முயல். அப்புறம் எதுவும் தெரியவில்லை, வானம் பொத்துக்கொண்டது. கோட்டு மாட்டியவர்கள் திரும்பி ஓடி வந்து எறிந்தார்கள்.

நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்து, கூட்டம் செய்த கலாட்டாவுக்குத் தண்டனையாக நாரைகளில் ஒருவனை ரெண்டு நிமிஷம் வெளியே உட்காரச் சொன்னார். அவன் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வெர்னன் வந்து எய்னோவின் தோளைத் தொட்டார்.

"ரூல் தெரியுமில்ல எய்னோ? முதல்ல எறிஞ்சது நீதான். இந்த சீசன் முடிஞ்சுது."

"தெரியும். கையை எடு, நானே வர்றேன்."

வாசல்வரை போனவர், ஒரு தடவை திரும்பிப் பனித்தளத்தைப் பார்த்தார்.

"தொல்லை விட்டுது" என்று சத்தமாகவே சொன்னாள் நோரீன்.

ஆறு வண்டிகளும் நிரம்பி வழிந்தன. பொம்மைகளை அடுக்கும்போது மஞ்சள் தொப்பிக் கரடி கைக்கு வந்தது. தொப்பிக்குள் ஏதோ சரசரத்தது. எடுத்தாள். எய்னோவின் சீசன் டிக்கெட். அதைச் சுற்றி, மடித்த ஒரு கடிதம். நிதானமாக, கோடு போட்டு எழுதிய கையெழுத்து. மேலே தேதி, நேற்றைய தேதி.

"கண்ணு, போன வருஷம் உங்க வார்டுக்கு வராமப் போன கரடி இது. கடைசி நாலு நிமிஷம் வரைக்கும் இவனுங்களுக்கு டைம் குடுப்பேன். கோல் போட்டுட்டா இந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடுவேன். போட மாட்டானுங்க, எனக்குத் தெரியும். நானே இதை முதல்ல எறிஞ்சுடுவேன். அப்புறம் என்னை உள்ள விட மாட்டாங்க. உடம்பு தேறினதும் நீ வந்து என் சீட்டுல உட்காரு. பக்கத்துல யாராவது முறைச்சா கண்டுக்காத. எனக்குப் பதிலா நல்லாத் திட்டு."