பாலத்துக்கு அந்தப் பக்கம்

“ஊர்ப் பலகையைப் பிடுங்கி எங்க தெருவுக்கு அப்பால நடுங்க” என்று பேரூராட்சித் தலைவரிடம் சொன்னேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அப்பா பலமுறை சொல்லியிருந்தார். பேரூராட்சியில் அவருக்குக் கூலி வேலை. வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் பலகை நிற்கிறது. எங்கள் தெரு அந்தப் பக்கம்.

தலைவர் சிரித்தார். “பூகோளம் படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா? ஊரு பாலத்தோட முடிஞ்சிருது தாயி.”

“பலகையில மக்கள்தொகைன்னு எழுதியிருக்கீங்களே, அதுல நாங்களும் உண்டு. தலையை எண்ண மட்டும் பாலத்தைத் தாண்டி வந்தீங்களாக்கும்.”

“குருசாமி, உம்மகளக் கூட்டிட்டுப் போ.”

அப்பா தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நழுவியிருந்த என் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்வதைப் போல. வாசலில் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பலகைக்குக் குழி நாந்தான் தோண்டுனேன் பாப்பா. ஆழமாத் தோண்டல.”

சுவரோரம் அவருடைய கடப்பாரை சாத்தியிருந்தது. அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தேன்.