ஏழு தார்ப்புள்ளி

“காசால சுரண்டாதீங்க! தாரோட சேர்ந்து பெயிண்டும் வந்துரும்!”

ஹேமலதா போட்ட சத்தத்தில், பெரியவர் ஒரு ரூபாய் நாணயத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மலைமேல், ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் இருந்தது அவளுடைய வாட்டர்வாஷ் கடை. அந்த வட்டாரத்தில் வண்டி கழுவும் ஒரே பெண் அவள்தான். இந்தப் பெருமைக்காக இதுவரை யாரும் பத்து ரூபாய் கூடக் கொடுத்ததில்லை. குறைத்துக் கேட்டவர்கள் உண்டு.

பெரியவருடைய பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் மிளகு மிளகாக ஏழு தார்ப்புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. ஹேண்டில்பாரில் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றின் பெயர் போட்ட மஞ்சள் பை தொங்கியது.

“கொண்டை ஊசி வளைவுல புதுசா ரோடு போடறாங்க கண்ணு. அங்க தெறிச்சது” என்றார். “சேலத்துல இதுக்குப் பாதி ரேட்டுதான்.”

“சேலத்துல உட்டிருந்தா இந்நேரம் டேங்க்குல பாதி பெயிண்டுதான் இருந்திருக்குமுங்க.”

ஹேமலதா குனிந்து மட்கார்டு, எஞ்சின், செயின் பக்கமெல்லாம் பார்த்தாள். வழக்கமான செம்மண் தூசிதான். நிமிர்ந்து பெரியவரையும் ஒரு பார்வை பார்த்தாள். துணியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துப் புள்ளிகளின் மேல் போர்த்தினாள்.

“தேய்க்கலியா?”

“கால் மணி நேரம் ஊறோணுங்க. தாரே இளகி வரும். அவசரம்னா அந்த ஒத்த ரூபாயை மறுபடி எடுத்துக்குங்க.”

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வாய் மட்டும் உட்காரவில்லை.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்குச் சாமி இந்தப் பொழப்பு? கையைப் பாரு, நகமெல்லாம் கருப்பு. நாளைக்கு ஒரு ஊட்டுக்கு வாழப் போற புள்ள.”

“கை, வண்டி, ரெண்டுல ஒண்ணுதானுங்க பளிச்சுனு இருக்கும். காசு வண்டிக்குத்தான் தர்றாங்க.”

அப்போது அவள் போன் ஒலித்தது. அவள் அப்பா அண்ணாதுரை. லாட்ஜில் வேலை பார்ப்பவர். ஹேமலதா எண்ணெய்க் கையைப் பெரியவரிடம் காட்டி, “காதுல வெக்க முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு, சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“இன்னும் கடையிலியா இருக்கற? நாலு மணிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க! எலுமிச்சம்பழமும் உப்பும் வாங்கி வெச்சிருக்கேன், வந்து கையைத் தேய். என்ன வேலைன்னு கேட்டா எஸ்டேட் ஆபீஸ்ல ரைட்டர்னு சொல்லு. தரகர்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்.”

பெரியவரின் தலை மெல்ல நிமிர்ந்தது.

“ரைட்டர் கையில எப்படி இத்தனை கிரீஸுன்னு கேட்டா?”

“எதிர்த்துப் பேசாத! கடையை வர்ற வாரமே கைமாத்தி உட்டறலாம். அவங்களுக்குத் தெரியவே வேண்டாம். நல்ல எடம் கண்ணு, மண்டிக்காரங்க.”

“மண்டிக்காரங்கன்னா நொம்ப நல்லதுங்கப்பா. சரக்கைப் பாத்துத்தான எடுப்பாங்க? பொய் லேபிள் ஒட்டிக்கிட்டு நான் நிக்க மாட்டேன். காப்பித் தட்டு கையில இருக்கறப்பவே உண்மையைச் சொல்லிருவேன். சேலத்துக்கு வாழப் போனாலும், தெனம் காலைல பஸ் ஏறி வந்து இந்த ஷட்டரைத் தூக்கறது நாந்தான்.”

“நல்ல எடம் போயிரும்டி!”

“போனா வேற எடம் வருமுங்கப்பா. கடை போனா எனக்குத் திரும்பி வராது. இஷ்டம்னா பேசட்டும், இல்லீன்னா காப்பியைக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல மலை எறங்கட்டும்.”

அண்ணாதுரை வைத்துவிட்டார். ஹேமலதா துணியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஏழு புள்ளியும் வழுக்கிக்கொண்டு வந்தன. ஷாம்பு போட்டுத் தண்ணீர் அடித்ததும் டேங்க்கில் வானம் தெரிந்தது.

பெரியவர் எழுந்தார். பேரம் படிந்த வியாபாரியின் சிரிப்பு அவர் முகத்தில்.

“நாலு மணிக்கு உங்க ஊட்டுக்கு வரப்போறது நாங்கதான் கண்ணு. நான் மாப்பிள்ளையோட அப்பன், சுப்பிரமணி. பொண்ணு வண்டி கழுவுதுன்னு காதுல உழுந்துச்சு, நேர்ல பாத்துரலாம்னு வந்தேன். வேலையையும் பாத்துட்டேன், பேச்சையும் கேட்டுட்டேன். காப்பித் தட்டோட வந்து இதையே சொல்லு, நான் தலையாட்டறேன்.”

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், விரலை உயர்த்தினார்.

“ஆனா ஒண்ணு. வியாபாரக் குடும்பத்துக்கு வர்ற புள்ள, முன்னால இருக்கறது ஆருன்னு தெரியாம மனசுல இருக்கறதையெல்லாம் இப்படிக் கொட்டக் கூடாது.”

ஹேமலதா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“ரோட்டுத் தார் சக்கரத்துல இருந்துதானுங்க தெறிக்கும். மட்கார்டுல ஒரு சொட்டு கூட இல்லாம, டேங்க் மேல மட்டும் எப்படிங்க ஏறும்?”

சுப்பிரமணி உயர்த்திய விரலைப் பார்த்தார். அதன் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு.

“அதையும் இந்த மண்டிப் பையையும் பாத்ததுக்கு அப்புறந்தானுங்க மாமா, போனை ஸ்பீக்கர்ல போட்டேன்.”