வாசல் ஏறாதே!

“இன்னாக்கா, உம் புருஷன் மனசுல இன்னா நெனச்சிகினு கீறாரு? சீரு கீருன்னு எதையாவது தூக்கிகினு வந்தா ஊட்டு வாசல் ஏறாதேன்னு இப்பத்தான் போன் பண்றாரு!”

அலெக்ஸ் கத்திய கத்தலில் ஞானகுமாரி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“மாமாவா? அப்படியா சொன்னாரு?”

“பின்ன நானா கதை கட்றேன்? ரியாவுக்கு நான் ஒரே தாய்மாமன். அவ புதுநன்மைக்கு நான் செயின் போடாம வேற எவன் போடுவான்? கையை வீசிகினு வந்து பிரியாணி துன்னுட்டுப் போறதுக்கு நான் இன்னா சோத்துக்கு அலையறவனா?”

அழாத குறையாகப் போனை வைத்தான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி சர்ச்சில் மகள் ரியா முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். அப்படி வாங்குகிற பெண் பிள்ளைக்கு வெள்ளை கவுனும் கழுத்துக்குத் தங்கச் செயினும் மாமன் வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் யாரும் மீறாத வழக்கம் அது.

அவள் புருஷன் ஜோசப்ராஜுக்குக் கடன் என்றால் காத தூரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். கோவில்பதாகை வீட்டில் இருக்கும் பிரிட்ஜிலிருந்து வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் வரை எல்லாமே சேர்த்து வைத்து வாங்கியவை. தவணைப் பாக்கி என்று எவனும் வந்து அந்தக் கதவைத் தட்டியதில்லை. புருஷனை விட ஞானகுமாரிக்குத்தான் அதில் பெருமை அதிகம்.

ஆனால் அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

“எந்தம்பி உங்களுக்கு அவ்ளோ கேவலமாப் போயிட்டானா?”

“அவனுக்கு மட்டும் சொல்லல. யாரும் மொய் வெக்கக்கூடாது, யாரும் சீர் கொண்டாரக்கூடாது. எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.”

“நல்லாயிருக்கே! இத்தினி வருஷமா நாம ஊருக்கெல்லாம் வெச்ச மொய்யி? அது இப்பத் திரும்பி வந்தாத்தானே உண்டு?”

“போவட்டும் வுடு. மொய்யும் ஒரு கடன்தான். இன்னிக்கு வாங்கினா நாளைக்கு வட்டியோட திருப்பணும். எனக்கு அது ஆவாது.”

“தாய்மாமன் போடுறது கடனாய்யா? அம்மா, அப்பா போனப்புறம் பொறந்த ஊடுன்னு எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். அவனையும் அறுத்து வுட்டுட்டா உங்களுக்கு நிம்மதியா? வரமாட்டேன்னுட்டா இன்னா பண்ணுவேன் நானு?”

“வருவான். நீ டீயைப் போடு.”

அவ்வளவுதான் பேச்சு. இந்த மனுஷனிடம் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தபடி பாத்திரங்களை டங்கு டங்கென்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முழுக்க ஞானகுமாரியின் கண் பீடத்தில் இல்லை, வாசலில்தான் இருந்தது. பிரசங்கம் பாதி முடிந்த பிறகு அலெக்ஸும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

மீதி உயிரை மொட்டை மாடிப் பந்தியில் தம்பியே வாங்கினான்.

“நம்ம மாமா கடனே வாங்காத கோடீஸ்வரரு! நாம போடுற செயினெல்லாம் அவருக்குத் தூசு!”

பந்தியே சிரித்தது. பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த ஜோசப்ராஜ் அவன் இலை முன்னால் வந்து நின்றான்.

“மச்சான், இன்னொரு பீஸ் வெச்சுக்கோ.”

ஞானகுமாரிக்கு மானமே போயிற்று. தயிர்ப் பச்சடி எடுக்கிற சாக்கில் ஸ்டெல்லாவைக் கீழே சமையலறைக்கு இழுத்துப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கோம்மா. உங்க அண்ணன் செஞ்சது ரொம்பத் தப்பு. கட்டிகினவ நான், எனக்கே சகிக்கல.”

“ஐயோ அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க!” ஸ்டெல்லாவின் கண்கள் நிறைந்துவிட்டன. “இவருக்கு வேலை போயி நாலு மாசமாவுது. அக்காகிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு என் வாயைக் கட்டி வெச்சிருக்காரு.”

ஞானகுமாரி சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

“ரியாவுக்குச் செயின் போட்டே ஆவணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. குமணன்சாவடி அடகுக் கடைக்குப் போனோம். என் தாலிச் செயினைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு நிமிர்றேன், ரோட்டுக்கு அந்தாண்ட அண்ணன் ஸ்கூட்டரை நிறுத்திட்டு என்னையே பார்த்துக்கினு நிக்கிறாரு. உடனே போனை எடுத்துக் காதுல வெச்சாரு. பக்கத்துல இவர் போன் அடிச்சுது.”

“வாசல் ஏறாதேன்னு...”

“ஆமா அண்ணி. கோவத்துல செயினை எடுத்து என் கையில குடுத்துட்டு, வாடி போலாம்னுட்டாரு. அண்ணன் பார்த்தது இவருக்கு இன்னும் தெரியாது. இவரை மட்டும் வேணாம்னா சந்தேகம் வரும்னுதான் ஊருக்கே வேணாம்னு சொல்லியிருக்காரு.”

ஞானகுமாரி ஸ்டெல்லாவின் கழுத்தில் கிடந்த செயினைத் தொட்டுப் பார்த்தாள். முந்தானையில் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு பச்சடியோடு மாடியேறினாள்.

படியருகே கை கழுவிக்கொண்டிருந்த ஜேம்ஸ் பெரியப்பா அவளை நிறுத்தினார்.

“ஏம்மா, சீர் வேணாம்னு சொல்லி நாலு பேரு எதிர்ல மச்சானை இப்படியா அவமானப்படுத்துறது? உம் புருஷனுக்கு இவ்ளோ திமிரு ஆவாது.”

ஞானகுமாரி கூட்டத்தைத் தாண்டிப் பார்த்தாள். வியர்க்க விறுவிறுக்கச் சோற்று வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான் ஜோசப்ராஜ்.

“ஆமா பெரியப்பா,” என்றாள் தலையை நிமிர்த்தி. “அந்தத் திமிருக்காகவே அவரை இன்னொரு வாட்டி கட்டிக்கலாம்!”