கழலாத ரிலே

“எவனோ என் கார்ல கை வெச்சிருக்கான். அது யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!”

சௌரிராஜன் போட்ட சத்தத்தில் சித்திரை வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுள்ளென்று அடித்த காலை வெயிலில், அவருடைய பழைய வெள்ளைக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு வாசலில் நின்றது. நேற்றுவரை ஓடிய கார், இன்று கிளம்பவில்லை.

நாளை புத்தூர் மண்டபத்தில் பேத்தி ஜாஹ்னவிக்கு நிச்சயதார்த்தம். அவளைத் தன் காரில் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவதாக இருந்தார். வீட்டுக்குப் பெரியவர் பிள்ளையின் காரில் பின்சீட்டு மூட்டையாகப் போய் இறங்கினால் சம்பந்தி வீட்டில் என்ன மதிப்பு இருக்கும்?

பொன்மலையிலிருந்து வந்திருந்த மெக்கானிக் தைரியராஜ் சாவியை உருவி வெளியே வைத்தார். “மொதல்ல பேட்டரில கறுப்பு ஒயரைக் கழட்டணும் ஐயா. அப்புறந்தான் ரிலேயைத் தொடணும்.”

“அது எனக்குத் தெரியாதா?” சௌரிராஜன் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தார்.

“ஐயா, அது செவப்பு.”

“இங்க ஒரே இருட்டா இருந்தா நான் என்ன பண்றது?” ஸ்பானர் திரும்பி வந்தது.

தைரியராஜ் கறுப்பு ஒயரைக் கழற்றினார். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்பை இயக்கும் ரிலே, தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்பு டப்பா. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பேன்யா!”

“நெம்புனா சாக்கெட் ஒடஞ்சிரும்ங்க. அப்படியும் இப்படியும் மெதுவா ஆட்டித்தான் எடுக்கணும்.”

துணி சுற்றிய குறடால் பிடித்து ஆட்டி ஆட்டி, ஒருவழியாக அதை வெளியே எடுத்தார். அடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“துரு இல்லீங்க ஐயா. யாரோ இதை உருவி, கம்பிக் காலெல்லாம் பசை தடவி, திரும்பச் சொருகியிருக்காங்க. சாக்கெட்டையே மாத்தணும். நாளைக்கு வண்டி ஓடாது.”

சௌரிராஜன் ரிலேயை வாங்கி விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். சுரீரென்று ஒரு நெடி.

போன மாதம் இதே ரிலேயைக் காட்டி, “இது கான்டாக்ட் ஆகலேன்னா வண்டி நகராது” என்று தைரியராஜ் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் மகன் ரகுநந்தன். காபி கொண்டுவந்த மனைவி சத்யபாமாவைத் தவிர வேறு யாரும் இல்லை. புதுக் கார் வாங்கியதிலிருந்து, “இந்தப் பழசைத் தள்ளி விட்டுடலாம்பா” என்று நச்சரிப்பவனும் அவன்தான்.

“ரகு! வாடா வெளில!”

வந்தவனிடம் ரிலேயை நீட்டினார். “இது உன் வேலைதானே?”

“நான் எதுக்குப்பா அதைத் தொடப்போறேன்?”

“உன் புதுக் காரோட பவிஷை ஊருக்குக் காட்ட வேண்டாமா? நேரா சொல்லத் துப்பில்லாம ஒளிஞ்சுண்டு பண்றவன் இந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் பொறந்ததில்லே. நாளைக்கு நான் வரப்போறதில்லே. நீயே போய் நிச்சயம் பண்ணிக்கோ!”

“நிச்சயமா நான் இல்லப்பா…” ரகுநந்தன் ரிலேயை வாங்காமல் பின்வாங்கினான்.

கூடத்தில் உடைந்த கொலு பொம்மைகளைப் பரப்பி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சத்யபாமா எழுந்து வாசலுக்கு வந்தாள். “ரகு, நீ உள்ளே போ. தைரியராஜுக்குக் காபி கொடு.”

அவர்கள் போனதும், கணவரின் கையிலிருந்த ரிலேயை மெல்ல வாங்கினாள். உரசிய அவள் விரல்களில், பொம்மைக்கு ஒட்டும் பசையின் அதே நெடி.

சௌரிராஜன் அவள் கையைப் பிடித்தார். “பாமா… நீயா?”

வீதியை ஒருதரம் பார்த்துவிட்டு, அவர் காதோரம் நெருங்கிச் சொன்னாள்:

“கார் கெட்டுப்போச்சுன்னா வெளில சொல்லிக்கலாம். கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்ல விடுவேளா?”