இருவர் படுத்த பள்ளம்

"ஒரு வருஷமா பகல்ல நானும் ராத்திரி இவனுமா ஒரே கட்டில்ல தூங்குறோம் சார், இன்னைக்குத்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறோம்" என்று மேனேஜரிடம் பீற்றிக்கொள்கிறான் இரவு பஸ் டிரைவர். பிழைக்க வந்த டிரைவர்கள் சம்பள உயர்வும் ஆளுக்கொரு கட்டிலும் கேட்டு வேலைநிறுத்தம் செய்வதால், இரண்டு ஷிப்டும் கம்பெனி கொடுத்த ஒரே அறையில் நெரிகிறது. கொசுகூட இறக்கையை மடக்கிக்கொண்டுதான் பறக்கிறது. "கதை விடாதே. ஆளுக்கொரு கட்டில் இருக்குன்னு இவனே சொன்னானே" என்று பகல் டிரைவரைக் காட்டுகிறார் மேனேஜர். நாளை பஸ்ஸை எடுப்பதாக ஒப்புக்கொண்டு மேனேஜரிடம் ரகசியமாக வாங்கிய பஸ் சாவி, பாக்கெட்டுக்குள்ளிருந்து பகல் டிரைவரின் தொடையைக் குத்துகிறது. "உக்காரு மாப்ள, இது உன் பாதி" என்று இரவு டிரைவர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். உட்கார்ந்ததும் மெத்தையின் பள்ளம் இருவரையும் ஒன்றாகச் சரிக்கிறது. தலையணையில் தினமும் முகர்ந்து, முகம் தெரியாமல் திட்டிய அதே தலையெண்ணெய் வாசனை, இப்போது தோளருகே. பகல் டிரைவர் சாவியை எடுத்து மேனேஜரிடம் நீட்டுகிறான். ஜன்னல் வெயில் அதில் பட்டு மேனேஜரின் சட்டையில் நடுங்குகிறது. "நான் சொன்னதுதான் பொய் சார். அவன் சொல்றது நிஜம்."