கரையிலிருந்து வந்த கேள்வி

நண்டுக் கம்பனியின் வாட்ஸ்அப் குழுவில் றெஜினோல்டின் செய்தி வந்தது.

"ஐஸ் வந்திட்டுது. நண்டு ஏத்துறம்."

"சரி" என்று மெலானி கம்பனிக் கந்தோர் மேசையிலிருந்து பதில் போட்டாள். பிறகும் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. அவன் ஏதோ எழுதுவதாகத் திரை காட்டியது. சற்றுநேரத்தில் அதுவும் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே கடல் அசையாமல் கிடந்தது. அரிப்புக் கிராமத்துக் கரையில் அவனும் இந்தக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே மிதந்தாள்.

"என்னடி, பகல் கனவோ?" பக்கத்துக் கதிரையிலிருந்து யதுர்சிகா சீண்டினாள். "நேரில போய்க் கதையன்."

"பயமாக் கிடக்கு. அவர் முகத்தைத் திருப்பினால்?"

"அந்தாள் எழுதுறதும் அழிக்கிறதுமா நிக்குது. உன்னைவிடப் பயம்போல."

திரும்பவும் எழுதினான். திரும்பவும் நிறுத்தினான். மெலானி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இரவுக்கு என்ன கறி? ஏதும் வாங்கிக்கொண்டு வரட்டோ?"

முழுக் கம்பனியும் பார்க்கும் குழுவில் அதைப் போட்டிருந்தான். யதுர்சிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெலானிக்குக் கண் கலங்கியது. மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய்வந்த அன்று சண்டை பிடித்ததிலிருந்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டே புருசன் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

முதலாளி கனகரத்தினம் கைபேசியோடு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, கறியை நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

மெலானி அவசரமாக எழுதினாள்.

"முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு கெதியா வாங்கோ. நண்டு மட்டும் வேண்டாம்."